நடுகல்லும் கேளிக்கைக் கூடமும்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்ட இனம் தமிழினம். அக்கல்லில் அவன் பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் பொறித்தனர், மயிற்பீலி சூட்டினர், கள்ளும் படைத்தனர். சங்க நூல்களைப் பயின்ற மாணவர் எவரும் இதனை அறிவர். கள் படைத்ததால் அக்கல்லின் பெருமை சிறிதும் குன்றவில்லை. ஏனெனில் அதில் பெயர் நின்றது. அவ்வழிச் செல்வோன் நின்று படித்தால், இன்னான் இன்ன காரணத்தால் இவ்விடத்தில் வீழ்ந்தான் என்பது அவனுக்கு விளங்கிற்று. வெறுங்கல்லை நடுகல் ஆக்கியது அந்த எழுத்தே.

அந்த எழுத்து எவ்வாறு அழிந்தது என்பதையும் பழைய பாடல்கள் கூறாமல் விடவில்லை. பகைவன் வந்து கல்லை உடைத்ததாக அவை கூறவில்லை. பாலைவழிச் சென்றோர் தம் அம்புகளை அக்கல்லில் தீட்டிக் கூராக்கினர். தீட்டத் தீட்டக் கல்லின் பக்கம் தேய்ந்தது; எழுத்தும் மாய்ந்தது. பின்வந்தோர் படிக்க முயன்றனர். பொருள் விளங்காமையால் விட்டுச் சென்றனர். அம்பு தீட்டியவர்க்கு அக்கல்லின்மீது பகை ஏதுமில்லை. அவர்களுக்கு அது பயன்படும் ஒரு கல், அவ்வளவே.

பழங்கட்டடங்களைக் காக்கிறோம் என்று பெருமிதம் கொள்ளும் இக்காலம், அந்த அம்பு தீட்டியவர்களின் காலத்தினின்று எவ்வளவு வேறுபட்டது? சிங்கப்பூரின் பீச் ரோட்டில் நிற்கும் சில கட்டடங்கள் இவ்வினாவை எழுப்புகின்றன.

பீச் ரோட்டுப் பழங்கட்டடங்கள்

ஒரு காலத்தில் அலை வந்து மோதிய கரையை ஒட்டி அமைந்ததால் அச்சாலைக்கு அப்பெயர் வந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியபின் கடல் விலகிப் போயிற்று. பெயர் மட்டும் நின்றது. ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு எதிர்ப்புறத்தில் இன்று வானளாவிய இரு கோபுரங்கள் எழுந்துள்ளன. ஒன்று 34 மாடி. மற்றொன்று 45 மாடி. அவற்றுக்கிடையே அலைபோல் வளைந்து நெளியும் பெருங்கூரை. அக்கூரைக்குக் கீழும் அருகிலுமாக நான்கு பழங்கட்டடங்கள் அடக்கமாக நிற்கின்றன. அவற்றுள் மூன்று, பீச் ரோடு முகாமைச் சேர்ந்தவை. நான்காவது, படையினரின் மனமகிழ் மன்றமாக விளங்கிய என்.சி.ஓ. கிளப்.

2007ஆம் ஆண்டில் இந்நிலம் 169 கோடி வெள்ளிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. நான்கு கட்டடங்களையும் இடிக்கலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை மீறப்படவில்லை. சுவர்கள் நிற்கின்றன, சன்னல்கள் நிற்கின்றன, முகப்புகள் வெள்ளை பூசிப் பளபளக்கின்றன. சொகுசு ஹோட்டலும் அலுவலகங்களும் உணவகங்களும் கொண்ட வளாகமாக 2015, 2016 ஆண்டுகளில் அவ்விடம் புத்துயிர் பெற்றது. பழைய மன்றக் கட்டடம் என்.சி.ஓ. கிளப் என்னும் அதே பெயருடன், இன்னுணவும் மதுவும் மேடை இசையும் வழங்கும் கேளிக்கைக் கூடமாக அண்மை ஆண்டுகளில் திறக்கப்பட்டது. வளாகத்தின் மதுக்கூடம் ஒன்றுக்குக் ‘கோர்ட் மார்ஷியல்’, அதாவது படைத்துறை நீதிமன்றம், என்றே பெயர் சூட்டப்பட்டதும் உண்டு.

பெயர் வைத்தவர் வேடிக்கையாகவே வைத்திருப்பார். பழைய படைவீட்டில் மதுக்கூடம். அதற்குப் படைத்துறைப் பெயர். கேட்போர் புன்முறுவல் பூப்பர். ஆயின், அந்நிலத்தின் வரலாற்றை அறிந்தவன் அப்பெயரைக் கேட்டுப் புன்முறுவல் பூக்க இயலுமா?

தொண்டர் படையின் கதை

1854ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சீனர் குழுக்களிடையே பெருங்கலவரம் மூண்டது. அதனை அடக்கப் போதிய காவலர் இல்லாமையால் ஐரோப்பிய வணிகரும் எழுத்தரும் தாமே துப்பாக்கி ஏந்த முன்வந்தனர். அவ்வாறு தோன்றியதே சிங்கப்பூர்த் தொண்டர் படை. காலப்போக்கில் சீனர், யூரேசியர், மலாய்க்காரர் ஆகியோர்க்கும் அதில் தனிப்பிரிவுகள் அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படை பீச் ரோட்டுக்குக் குடியேறியது. இன்று காணப்படும் முகாம் கட்டடங்கள் 1930களைச் சேர்ந்தவை.

1915 பிப்ரவரி 15ஆம் நாள், அலெக்சாண்டிரா படைவீட்டில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் தமிழர் அல்லர்; வட இந்திய முஸ்லிம்கள். துருக்கிக்கு எதிராகப் போரிட அனுப்பப்படுவோம் என்னும் அச்சமும், கதர் இயக்கத்தின் பரப்புரையும், படைக்குள் நிலவிய பூசல்களும் அக்கிளர்ச்சிக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. கிளர்ச்சி அடக்கப்பட்டது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் படைத்துறை நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். 47 பேருக்கு மரணம். ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரின் வெளிப்புறத்தில், திரண்டிருந்த பொதுமக்கள் பார்க்க, அவர்களைச் சுட்டுக் கொன்றனர். சுட்டவர்களுள் தொண்டர் படையினரும் இருந்தனர்.

அந்நிகழ்ச்சியில் மாண்ட ஐரோப்பியர்க்குப் புனித ஆண்ட்ரூ தேவாலயத்திலும் விக்டோரியா நினைவு மண்டபத்திலும் நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டன. சுடப்பட்ட சிப்பாய்களுக்கு ஒரு கல்லும் நடப்படவில்லை. அவர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு. குற்றம் செய்யாத பொதுமக்களும் அவர்கள் கையால் மாண்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், படைத்துறை நீதிமன்றம் என்றால் என்ன என்பதை இத்தீவில் உயிரைக் கொடுத்து அறிந்தவர் அந்த 47 பேர். அவர்களைச் சுட்ட படையின் தலைமையகம் இருந்த நிலத்திலேயே அச்சொல் மதுக்கூடத்தின் பெயர்ப்பலகை ஏறிற்று. பெயர் சூட்டியவர் இதனை எண்ணிச் செய்தார் என்று எவரும் குற்றஞ்சாட்ட வேண்டாம். எண்ணாமல் செய்தார் என்பதே குற்றச்சாட்டு.

பின்னர் வந்தது 1942. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தொண்டர் படையினரில் பலர் போர்க் கைதிகளாயினர். சீனத் தொண்டர்கள் சப்பானியரால் தேடிப் பிடித்துக் கொல்லப்பட்டனர். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியபின், 1954இல் கட்டாயப் படைச்சேவைக்கு இளைஞரைப் பதிவு செய்ய அரசாங்கம் முற்பட்டது. தம் நாட்டைத் தாம் ஆளாத நிலையில் யாருக்காகத் துப்பாக்கி ஏந்துவது என்று சீனப் பள்ளி மாணவர் எதிர்த்தெழுந்தனர். அவ்வாண்டு மே 13ஆம் நாள் காவலர்க்கும் மாணவர்க்கும் மோதல் மூண்டது.

பதினோர் ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் தனிநாடாகப் பிரிந்தபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். பழைய தொண்டர் படை மக்கள் தற்காப்புப் படையாக மாற்றி அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் பீச் ரோடு முகாமே. 1967இல் தேசிய சேவை சட்டமாயிற்று. 1949ஆம் ஆண்டின் முதற்பாதியில் பிறந்த ஏறத்தாழ 9,000 இளைஞர் பதிவு செய்யப்பட்டனர். அவருள் 900 பேர் அளவில் ஆகஸ்ட் 17ஆம் நாள் முதல் முழுநேரச் சேவையில் சேர்ந்தனர். மற்றவர் மக்கள் தற்காப்புப் படை முதலியவற்றில் பகுதிநேரப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். சீனன், மலாய்க்காரன், தமிழன், பஞ்சாபி என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றனர். ‘செடியா’ என்னும் மலாய்ச் சொல் ஒன்றுக்கு அனைவரும் ஒருசேர விறைத்து நின்றனர். அயலானுக்காகத் துப்பாக்கி ஏந்திய நிலம், தன் வீட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தும் நிலமாயிற்று. ஒரே மண், இருவேறு காலம். இம்மாற்றத்தைக் காட்ட இதனினும் சிறந்த பாடநூல் எங்கே கிடைக்கும்?

பட்டையும் பணமும்

என்.சி.ஓ. கிளப்பின் கதையும் சுவையானதே. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையினர்க்கெனக் கட்டப்பட்ட அக்கட்டடத்துக்கு முதலில் பிரிட்டானியா கிளப் என்று பெயர். படையினர்க்குச் சிற்றுண்டியும் பொழுதுபோக்கும் வழங்கிய நாஃபி நிறுவனம் அதனை நடத்திற்று. அதிகாரிப் பதவி பெறாத சார்ஜன்ட், கார்ப்பரல், சாதாரணச் சிப்பாய் ஆகியோரும் அவர்தம் குடும்பத்தாரும் அங்கே உண்டனர், ஆடினர், நீச்சற் குளத்தில் நீராடினர். 1971ஆம் ஆண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகளின் பெரும்பகுதி சிங்கப்பூரைவிட்டு வெளியேறிற்று. அதன்பின் 1970களில் கட்டடம் சிங்கப்பூர் ஆயுதப் படையின் சார்ஜன்ட், கார்ப்பரல் முதலியோரின் மன்றமாயிற்று. வெளியே நின்று பார்த்த வீட்டின் உள்ளே அவ்வூர்ப் பிள்ளைகள் உரிமையோடு நுழைந்த காலம் அது. தொழிலாளி மகனும் காவலாளி மகனும் சட்டைக் கையில் மூன்று பட்டை தாங்கி, மனைவி மக்களுடன் அங்கே ஒரு வேளை உணவு உண்ண முடிந்தது.

இன்று யார் நுழையலாம்? எவரும் நுழையலாம் என்பதே விடை. கதவில் காவல் இல்லை. ஆயினும், முன்னே வாயிலில் பட்டை கேட்டனர். இன்றோ மேசையில் பணம் கேட்கின்றனர். மன்றத்தில் உண்ட பழைய கார்ப்பரல் ஒருவர் தம் பேரனை அழைத்துச் சென்று, இதுதான் உன் பாட்டன் அமர்ந்த இடம் என்று காட்ட விரும்பினால், முதலில் தம் பணப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். சார்ஜன்ட்டுகளுக்கும் கார்ப்பரல்களுக்கும் உரிய பெயர் பலகையில் இருக்கிறது. அப்பெயர்க்கு உரியவர்க்கு எளிதில் கட்டுபடியாகாத விலை உணவுப்பட்டியலில் இருக்கிறது. பெயரைக் காத்தல் என்பது இதுதானா?

மறுப்போர் கூற்று

இவ்வாறு கூறுவோரை எதிர்த்து நான்கு மறுப்புகள் எழுப்பப்படுகின்றன. அவற்றைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொள்வதே நேர்மை.

ஆளற்ற கட்டடம் அழியும். பயன்படும் கட்டடமே வாழும் என்பது முதல் மறுப்பு. இது முற்றிலும் உண்மை. பூட்டிக் கிடந்து கூரை சரிந்த கட்டடங்களைக் கண்டவர் இதனை ஒப்புவர். நிலம் குறைந்த தீவில் நகரின் நடுவே படைமுகாம் ஒன்றை வெறுமனே காட்சிக்கு வைத்திருக்க இயலாது. ஆயின் இங்கே கேட்கப்படுவது பயன்பாட்டை நிறுத்துக என்பதன்று. பயன்பாட்டுக்கு விலையாக நினைவைக் கொடாதீர் என்பதே.

அது என்றுமே மகிழ்ச்சிக்குரிய இடந்தானே, அன்று ஆடினர், இன்றும் ஆடுகின்றனர், இதில் என்ன கேடு என்பது இரண்டாவது. இதுவும் பாதி உண்மை. போர்முனைக்குச் செல்பவனுக்குப் பாட்டும் ஆட்டமும் தேவை. நடுகல்லுக்கே கள் படைத்த மரபு, மதுக்கோப்பையைக் கண்டு முகஞ்சுளிக்க நியாயமில்லை. ஆனால் அன்று அங்கே ஆடியவன், தான் யார் என்பதை அறிந்து ஆடினான். இன்று ஆடுபவனுக்குத் தான் நிற்கும் தரை யாருடையது என்பது தெரியவில்லை. கேளிக்கை குற்றமன்று, அறியாமையே குற்றம்.

அயலான் படையின் கட்டடத்தை ஏன் நினைக்க வேண்டும், அது மறக்க வேண்டிய அடிமைக்காலம் அன்றோ என்பது மூன்றாவது. பெருமை தருவதை மட்டுமே வரலாறு என்று எண்ணுவோரின் கூற்று இது. சுட்டவரும் சுடப்பட்டவரும், பதிவு செய்யச் சென்றவரும் பதிவை எதிர்த்தவரும் ஆகிய அனைவரும் சேர்ந்ததே வரலாறு. அடிமைக்காலத்தை மறந்தவனுக்கு விடுதலையின் விலை விளங்காது.

நான்காவது மறுப்புத் தமிழரிடையேயே எழுவது. இது தமிழர் வரலாறு அன்று, இதற்குத் தமிழ் வகுப்பில் என்ன வேலை என்பது அது. இம்மறுப்பே எல்லாவற்றினும் கொடியது. அதற்கு விடை கூறுமுன், அவ்விடத்தினின்று நடந்து செல்லும் தொலைவில் உள்ள மற்றோர் இடத்தைக் காண்பது நன்று.

இடித்தலும் மறைத்தலும்

எஸ்பிளனேட் பூங்காவில், 1945 ஜூலை 8ஆம் நாள், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய இராணுவத்தில் உயிர் நீத்த பெயர் தெரியா வீரர்க்கு எழுப்பப்பட்ட கல் அது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அப்படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பலர். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் பலர். அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பினர். மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அக்கல் தகர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், அவ்விடத்தில் நினைவுக் குறி ஒன்று எழுப்பப்பட்டது. அதில் தமிழும் இடம்பெற்றது.

ஆங்கிலேயர் ஏன் அக்கல்லைத் தகர்த்தனர்? அக்கல் பேசும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பகைவனாயினும் கல்லின் ஆற்றலை அவன் மதித்தான். இடிக்கப்பட்ட கல்லை மக்கள் மறக்கவில்லை; ஐம்பது ஆண்டு கழித்தும் மீண்டும் கேட்டுப் பெற்றனர். பீச் ரோட்டிலோ எதுவும் இடிக்கப்படவில்லை. ஆகவே எதுவும் இழக்கப்படவில்லை என்று மக்கள் நம்புகின்றனர். இழந்ததை அறியாதவன் அதனை எவ்வாறு மீட்பான்? இடிப்பவன் கல்லை அழிக்கிறான். மெருகேற்றி மறைப்பவன் கல்லைத் தேடும் எண்ணத்தையே அழிக்கிறான். இரண்டினுள் பின்னதே ஆழமான அழிவு.

சுவரோரத்தில் பலகை மாட்டி, கட்டிய ஆண்டையும் கட்டட அமைப்பையும் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் உண்டு. ஆண்டும் அமைப்பும் கட்டடத்தின் வரலாறு. மனிதரின் வரலாறு அன்று.

அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் சென்றால் கோல்டன் மைல் உணவுக் கடைத்தொகுதி வரும். அதன் மாடியில் உள்ள கடைகளை மக்கள் ‘ஆர்மி மார்க்கெட்’ என்றே அழைக்கின்றனர். காலணி, இடைவார், முதுகுப்பை, பெயர்ப்பட்டை என்று சேவைக்குச் செல்லும் இளைஞர்க்கு வேண்டியவற்றை அக்கடைக்காரர் விற்கின்றனர். அங்கே வெள்ளைப் பூச்சு இல்லை. வளைந்த கூரை இல்லை. ஆயினும் பீச் ரோடு என்றால் படையினர் சாலை என்னும் நினைவு அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ஏன்? அங்கே வருபவன் தான் எதற்கு வந்தான் என்பதை அறிவான். மகனுக்குக் காலணி வாங்க வரும் தந்தை, தம் காலணி கடித்த கதையைச் சொல்லாமல் திரும்பமாட்டார். வரலாறு அவ்வாறே கைமாறுகிறது.

தமிழ் வகுப்பறையின் பங்கு

இனி, நான்காம் மறுப்புக்கு வருவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 1967இல் முதல் அணியில் சேர்ந்தவர் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். அவருள் தமிழரும் இருந்தனர். அவருக்குப் பின் ஆண்டுதோறும் தமிழ்ப் பிள்ளைகள் சேவை செய்தனர். பயிற்சிக் களத்தில் அவர்கள் பெற்ற காய்ப்பும், இரவுக் காவலில் பாடிய பாட்டும், சீனத் தோழனுடன் பகிர்ந்த உணவும் தமிழில் எவ்வளவு எழுதப்பட்டுள்ளன? சிறுகதைகள் சில, கவிதைகள் சில இருக்கலாம். அவை போதுமா? பிறர் தமிழரை வரலாற்றில் சேர்க்கவில்லை என்று மேடைதோறும் முழங்குவோர் பலர். தமிழர் தம் பங்கைத் தமிழில் எழுதி வைத்தனரா என்று கேட்போர் சிலர்.

பள்ளிக் கட்டுரைப் பயிற்சிகளைப் புரட்டினால், ‘சிங்கப்பூரின் எழில்மிகு இடங்கள்’ என்னும் தலைப்புத் தவறாமல் தென்படும். மாணவன் வானளாவிய கோபுரங்களை வருணிப்பான். வண்ண விளக்குகளை வருணிப்பான். ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று முடிப்பான். ஆசிரியர் இலக்கணப் பிழையைத் திருத்தி மதிப்பெண் இடுவார். அவ்விடத்தில் யார் நின்றார், யார் வீழ்ந்தார் என்று அவனை எவரும் கேட்பதில்லை. எழுத்து மாய்ந்த கல்லைக் கண்டும் படிக்காமல் செல்லும் வழிப்போக்கனை வகுப்பறையே உருவாக்கினால், மதுக்கூடத்துக்குப் பெயர் வைத்தவரை மட்டும் குறை கூறுவதில் பயன் என்ன?

புறநானூற்று நடுகல்லை விளக்கும் ஆசிரியர், அடுத்த நாள் மாணவரைப் பீச் ரோட்டுக்கு அழைத்துச் செல்லலாம். வளாகத்தின் முற்றத்தில் நிற்கக் கட்டணம் ஏதுமில்லை. பிராஸ் பசா சாலையைக் கடந்தால் பொதுமக்கள் போர் நினைவுச் சின்னம். 1967 பிப்ரவரி 15ஆம் நாள் திறக்கப்பட்ட அதன் நான்கு தூண்கள், சப்பானியர் ஆட்சியில் மாண்ட சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிற இனத்தார் ஆகிய நால்வரையும் குறிக்கின்றன. அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்கா எட்டி நடக்கும் தூரம். ஒரு காலை நேரத்தில் மூன்று கற்களைப் படித்துவிடலாம். மாணவன் தன் பாட்டனாரிடமும் தந்தையாரிடமும் சென்று, அவர்தம் படைச்சேவை நாள்களை வினவி, அவர் சொல்லும் தமிழிலேயே எழுதி வரலாம். 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிந்துவரும் நாடு இது. வீட்டுக்கு வீடு பதிய வேண்டிய பணி இன்னும் மிகுந்துள்ளது. முதியோர் காத்திருக்கமாட்டார், காலம் அவர்க்கு விடுமுறை கொடாது.

கட்டடத்தை நடத்துவோர்க்கும் ஒரு கடமை உண்டு. மேடையில் இசை ஒலிக்கட்டும். மணமக்கள் மாலை மாற்றட்டும். அவர்கள் நுழையும் வாயிலில், இந்நாட்டின் நான்கு மொழிகளிலும், 1854 முதல் அங்கே நிகழ்ந்தவை மறைவின்றி எழுதப்படட்டும். சுடப்பட்ட 47 பேரும் அதில் இடம்பெறட்டும். 1967இன் இளைஞரும் இடம்பெறட்டும். ஆண்டுக்கு ஒரு நாளேனும் பழைய சேவையாளர் தம் பேரப்பிள்ளைகளுடன் அம்மன்றத்தில் விருந்தினராக அமரட்டும். 169 கோடி வெள்ளி பெறும் நிலத்துக்கு இது பெருஞ்செலவன்று.

கல்லை நட்டவன் தன் கடமையைச் செய்து போனான். அதனைப் படிப்பதும், தேயும்தோறும் மீண்டும் பொறிப்பதும் பின்வந்தவன் கடமை. எழுத்தறிவிக்கும் ஆசிரியனும் எழுதக் கற்கும் மாணவனும் உளியை ஏந்தாவிடின், வேறு யார் ஏந்துவார்?